பழைய கதவு சுரண்டும் வேலை: கர்ப்பத்துக்கு முன்பே கவனிக்க வேண்டியவை

கேள்வி: காரைக்குடியில் பழைய சாமான் வாங்கி விற்கும் கடை ஒன்றின் பட்டறையில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறேன். வயது 29. செட்டிநாட்டு வீடுகளைப் பிரிக்கும்போது வரும் நிலை, கதவு, தூண், அலமாரி இவற்றில் இருக்கும் பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுப்பது என் வேலை. கணவர் அங்கேயே தச்சர், பாலிஷும் அடிப்பார். நான்கு வயதில் பையன் இருக்கிறான். பால்வாடி விட்டதும் பட்டறைக்கு வந்துவிடுவான். தை மாதம் ஒன்பதாவது வாரத்தில் எனக்குக் கரு கலைந்துவிட்டது. பாரம் தூக்கியதால்தான் என்கிறார் மாமியார். பெயிண்ட் தூசிதான் காரணம் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. முதலாளி மாஸ்க் வாங்கிக் கொடுத்திருக்கிறார், போட்டுக்கொள்கிறேன். அடுத்த குழந்தைக்கு முயற்சி செய்யலாமா? வேலையை விட்டுத்தான் ஆக வேண்டுமா? ஒரு சம்பளத்தில் குடும்பம் ஓடாது. இன்னொன்று: பெயிண்டில் ஈயம் இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் வீட்டில் ஈயச் சொம்பில் ரசம் வைப்பதும் தப்பா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் உங்கள் மனதில் இருக்கும் பாரத்தை இறக்கி வையுங்கள். கர்ப்பம் என்று உறுதியானவற்றில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை முதல் மூன்று மாதங்களில் கலைந்துவிடுகின்றன. அவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம், கரு உருவான நேரத்திலேயே குரோமோசோம்களில் விழுந்த பிழை. அது நீங்கள் செய்த எதனாலும் வந்ததல்ல. ஒரு கதவை நகர்த்தியதால் கரு கலைந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. உங்கள் விஷயத்தில் இன்னதுதான் காரணம் என்று இப்போது கண்டுபிடிக்க வழி இல்லை. மாமியாரிடமும் இதை இப்படியே சொல்லுங்கள்.

ஆனால் பக்கத்து வீட்டு அக்கா சொன்னதைத் தள்ளிவிடவும் முடியாது. அடுத்த கர்ப்பத்துக்கு முன்னால் அந்தத் தூசியைக் கவனித்தே ஆக வேண்டும்.

உங்கள் கைக்கு வரும் பர்மாத் தேக்குக் கதவுகளில் பல, எழுபது எண்பது வருடமாக மேலுக்கு மேல் பெயிண்ட் வாங்கியவை. ஒரு கதவை ஓரத்தில் சுரண்டிப் பார்த்தால் மேலே பழுப்பு, அதற்கடியில் பச்சை, அதற்கும் அடியில் நீலமோ வெள்ளையோ என்று ஏடு ஏடாக வரும். அந்தக் காலத்து எண்ணெய்ப் பெயிண்டில் வெள்ளை நிறத்துக்கும், மஞ்சள் பச்சை நிறங்களுக்கும், சீக்கிரம் காய்வதற்கும் காரீயச் சேர்மங்களைத்தான் சேர்த்தார்கள். பெயிண்டில் ஈயம் என்று நீங்கள் கேள்விப்பட்டது இந்தக் காரீயத்தைத்தான். இரும்புக் கம்பி, கேட், வார்ப்பிரும்புத் தூண் இவற்றில் அடிப்பூச்சாக இருக்கும் ஆரஞ்சுச் சிவப்பும் பெரும்பாலும் காரீயம்தான். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்தைய எந்தப் பெயிண்டையும், சோதித்து இல்லை என்று தெரியும்வரை, காரீயம் உள்ளதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கதவில் ஒட்டியிருக்கும் வரை அதனால் தொல்லை இல்லை. உலர வைத்துச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதுதான் அது மாவாகிறது. நுண்ணிய தூள் மூச்சு வழியாக நுரையீரலுக்குப் போகிறது. மாஸ்க் போட்டிருக்கிறோமே என்று நினைப்பவர்கள் கவனிக்காத வழி வாய். கையிலும் நகக்கண்ணிலும் ஒட்டிய தூள் பதினொரு மணி டீயோடு, வெற்றிலையோடு, மதியச் சாப்பாட்டோடு உள்ளே போகிறது. பெரியவர்கள் விழுங்கும் காரீயத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு ரத்தத்தில் கலக்கும். வெறும் வயிறாக இருந்தால் கூடும். இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு இன்னும் கூடும். சிறு பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்டப் பாதி கலந்துவிடும்.

உடம்பு காரீயத்தைச் சுண்ணாம்புச்சத்து என்று நினைத்து எலும்பில் சேர்த்து வைக்கும். அங்கே அது பல வருடம் தங்கும். வயிற்றில் பிள்ளை வளரத் தொடங்கியதும், பிள்ளையின் எலும்புக்காகத் தாயின் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து ரத்தத்துக்கு வரும். அதோடு சேர்ந்து பழைய காரீயமும் வரும், நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்கும் போகும். கர்ப்பம் என்று தெரிந்தபின் வேலையை நிறுத்தினால் போதும் என்ற எண்ணம் இந்த வேலைக்குப் பொருந்தாது என்பதற்கு இதுதான் காரணம். நாள் தள்ளிப்போய், சோதித்து, டாக்டரிடம் போவதற்குள் ஆறேழு வாரம் ஓடிவிடும். பிள்ளையின் மூளை, தண்டுவடம், இதயம் எல்லாம் உருவாகத் தொடங்கும் வாரங்கள் அவை. ரத்தத்தில் காரீயம் கூடினால் கருச்சிதைவு, கர்ப்ப கால ரத்த அழுத்தம், குறைமாதப் பிரசவம், எடை குறைந்த பிள்ளை, பிறந்த பிள்ளையின் கற்கும் திறனில் குறைவு ஆகிய எல்லாவற்றுக்கும் வாய்ப்பு கூடும். இந்த அளவுக்குக் கீழே கவலையே வேண்டாம் என்று ஒரு கோடு இதுவரை யாரும் போட முடியவில்லை.

அதனால் நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியம், ரத்தத்தில் காரீய அளவு பார்ப்பது. முதலில் பையனுக்குப் பாருங்கள், பிறகு உங்களுக்கு, பிறகு கணவருக்கு. கேள்வி உங்களைப் பற்றியதுதான் என்றாலும், பட்டறைத் தரையில் உட்கார்ந்து விளையாடும் நான்கு வயதுப் பிள்ளைக்குத்தான் அதிகம் ஏறியிருக்க வாய்ப்பு. இன்றோடு அவன் பட்டறைக்கு வருவதை நிறுத்திவிடுங்கள்.

சோதனைக்குப் போகும்போது சில விஷயங்களைச் சொல்லிக் கேளுங்கள். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் இருக்கும் தூளே கணக்கைக் கெடுத்துவிடும். கை நரம்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். வேலைக்குப் போகாமல், குளித்துவிட்டு, துவைத்த துணியில் போங்கள். ரத்தம் எடுப்பதற்கு முன் அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். இந்தச் சோதனையை எல்லா லேபிலும் அங்கேயே செய்வதில்லை, மாதிரியை எடுத்துப் பெரிய ஊர் லேபுக்கு அனுப்புவார்கள், முடிவு வரச் சில நாள் ஆகும். முடிவில் எண்ணை மட்டும் பார்க்காமல் அலகையும் பாருங்கள். டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம் என்று இருந்தால் 6 என்பது 6. லிட்டருக்கு மைக்ரோகிராம் என்று இருந்தால் அதே அளவு 60 என்று அச்சாகியிருக்கும். இது தெரியாமல் பயந்தவர்களும் உண்டு, கவலைப்படாமல் விட்டவர்களும் உண்டு. கூடவே ஹீமோகுளோபின், பெரிட்டின் (உடம்பில் சேமித்து வைத்திருக்கும் இரும்புச்சத்தின் அளவு) இரண்டும் பார்த்துவிடுங்கள். தைராய்டும் சர்க்கரையும் இதுவரை பார்க்கவில்லை என்றால் அதே ஊசியில் அவற்றுக்கும் கொடுத்துவிடலாம்.

டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அந்த வழியை அடைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். அதையொட்டி உங்களுக்கு நான் சொல்வது: 5-க்குக் கீழே இறங்கும்வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடுங்கள். தூசியிலிருந்து விலகியதும் ரத்தத்தில் இருப்பது சுமார் ஒரு மாதத்தில் பாதியாகும். அதன் பிறகு எலும்பிலிருந்து கசிவதால் இறக்கம் மெதுவாகும். ஆகவே ஒரு மாதம் கழித்து ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை பார்த்து முடிவெடுங்கள். 40, 45 என்று வந்தால் மட்டும், காரீயத்தை வெளியேற்றும் மருந்து தேவையா என்று மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முடிவு செய்வார்கள். அந்த மருந்தைத் தூசியில் இருந்துகொண்டே சாப்பிடுவது பயன் தராது. உடம்பைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி விற்கும் பொடி, லேகியம் எதையும் வாங்காதீர்கள். சித்த, ஆயுர்வேத மருந்து ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் அதன் பெயரை டாக்டரிடம் சொல்லுங்கள். ஆயுர்வேதத்தில் நாக பஸ்மம் என்பது காரீயத்தில் செய்வது.

இனி வேலை. விட வேண்டியது சுரண்டும் இடத்தைத்தான். சம்பளத்தை விட வேண்டாம். பழைய சாமான் பட்டறையில் தூசி படாத வேலைகள் நிறைய உண்டு: பித்தளைச் சாமானைப் புளி போட்டு ஈரமாகத் துலக்குவது, நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவது, மங்குச் சாமானைக் கழுவி அடுக்குவது, சாமானுக்கு அட்டை எழுதி அளவு குறிப்பது, படம் எடுப்பது. எல்லாமே சுரண்டும் கொட்டகைக்கு வெளியே, அங்கிருந்து காற்று வீசாத பக்கத்தில் நடக்க வேண்டும். ஒரே கூரைக்கடியில் நான்கு முழம் தள்ளி உட்கார்ந்தால் மாற்றம் ஒன்றும் இல்லை.

முதலாளி நல்ல மனதோடு மாஸ்க் வாங்கித் தந்திருக்கிறார். காதில் மாட்டும் நீல மாஸ்க் என்றால் அதனால் இந்தத் தூசிக்குப் பயன் இல்லை; கன்னத்தோரம் வழியாகவே காற்று போகும். என்95 முகத்தில் சரியாகப் படிந்தால் தூசியைப் பெருமளவு தடுக்கும், ஆனால் தின்னர் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி அடைத்த வடிகட்டி உள்ள, ரப்பர் விளிம்பு வைத்த மாஸ்க் வேண்டும். குழந்தைக்கு முயற்சி செய்யும் பெண்ணை மாஸ்க் போட்டுக்கொண்டு சுரண்டச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தடுப்பில் அது கடைசிப் படி. முதல் படி, தூசியே எழும்பாமல் செய்வது.

அது முடியாத காரியமும் இல்லை, செலவும் குறைவு. கணவரும் மற்றவர்களும் இப்படிச் செய்யட்டும். கதவைத் தரையில் விரித்த கெட்டி பிளாஸ்டிக் தாளின் மேல் படுக்க வைத்து, தண்ணீரில் நாலைந்து சொட்டு சோப்பு விட்டு ஸ்பிரே பாட்டிலில் அடித்து, ஊறவிட்டு, ஈரமாகவே தகட்டால் சுரண்ட வேண்டும். காயக் காய மறுபடி அடிக்க வேண்டும். உப்புத்தாளுக்குப் பதில் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். செதுக்கிய கஜலட்சுமி, யாளி, பூவேலை உள்ள இடங்களில்தான் ஆட்கள் பொறுமையிழந்து கிரைண்டரிலோ ட்ரில்லிலோ கம்பி பிரஷ் மாட்டி விடுவார்கள். ஒரு நாளில் எழும்பும் தூசியில் மிக மோசமானது அந்தப் பத்து நிமிடத் தூசிதான். வேலை முடிந்ததும் துடைப்பம் போடக் கூடாது. தாளை நான்கு மூலையும் மடித்துச் சுருட்டி, தரையை ஈரத்துணியால் இரண்டு வாளி வைத்துத் துடைக்க வேண்டும்: ஒரு வாளி சோப்புத் தண்ணீர், இன்னொன்று துணி அலச மட்டும். சுரண்டிய ஏடுகளையும் பெயிண்ட் ஒட்டிய உடைசல் மரத்தையும் வெந்நீர் அடுப்பில் எரிப்பது பட்டறைகளில் வழக்கம். காரீயம் எரிந்து அழியாது. கொஞ்சம் புகையிலும் மீதி சாம்பலிலும் இருக்கும், அந்தச் சாம்பல் பாத்திரம் தேய்க்கும் இடத்துக்கு வந்துவிடும்.

ஹீட் கன், ப்ளோ லாம்ப் வைத்துப் பெயிண்டைப் பொக்குளிக்க வைப்பதையும் அடியோடு விடச் சொல்லுங்கள். அந்தச் சூட்டில் காரீயம் ஆவியாகும்.

டப்பாவில் வரும் பெயிண்ட் ரிமூவர் சுலபம் என்று தோன்றும். மெத்திலின் குளோரைடு, அல்லது டைக்ளோரோமீத்தேன் என்று டப்பாவில் போட்டிருந்தால் அதைத் திறக்கும் இடத்தில் நீங்கள் இருக்கவே வேண்டாம். உடம்புக்குள் போனதும் அது கார்பன் மோனாக்சைடாக மாறும். ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும், வயிற்றுப் பிள்ளைக்குப் போகும் பங்கும் குறையும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, மூடிய அறையில் கீழேயே தேங்கும். உட்கார்ந்து வேலை செய்பவரின் முகம் இருப்பது அந்த உயரத்தில்தான். தின்னரில் இருக்கும் டொலுவினும் கருச்சிதைவோடு தொடர்பு உள்ளது. பாலிஷ் அடிக்கும் நாளில் நீங்கள் வேறு பக்கம் போய்விடுங்கள். ஒரு நல்ல செய்தி: தின்னர் ஆவி சில நாளில் உடம்பை விட்டுப் போய்விடும், காரீயம் போலத் தங்காது.

உங்கள் வேலையில் எல்லோரும் செய்யும் ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். கையில் ஒட்டிய பெயிண்டையும் வார்னிஷையும் தின்னர் தொட்டுத் துடைப்பது. தின்னர் தோல் வழியாகவே உள்ளே போகும். தோலின் எண்ணெய்ப் பசையையும் எடுத்து வெடிக்க வைக்கும். தேங்காய் எண்ணெய் விட்டு இரண்டு நிமிடம் தேய்த்து, துணியால் துடைத்து, பிறகு சோப்புப் போட்டு நகக்கண்ணைப் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். டீக்கு முன்னும் இதே முறைதான்.

கணவரைப் பற்றியும் யோசியுங்கள். காரீயமும் தின்னரும் ஆணின் விந்தணுக்களின் எண்ணிக்கையையும் தரத்தையும் குறைக்கும். ஒரு விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் பிடிக்கும். அதனால் நீங்கள் காத்திருக்கும் அதே மூன்று மாதமும் அவரும் ஈரமுறையில் வேலை செய்ய வேண்டும், சரியான மாஸ்க் போட வேண்டும். நீங்கள் பட்டறையை விட்டு விலகினாலும், அவர் சட்டையில் தூசி வீட்டுக்கு வந்தால் உங்களுக்கும் பையனுக்கும் கிடைத்துக்கொண்டேதான் இருக்கும். பட்டறைத் துணி, செருப்பு இரண்டும் பட்டறையிலேயே இருக்கட்டும். அவர் அங்கேயே கை, முகம் கழுவி, வேறு சட்டை போட்டுக்கொண்டு வண்டியில் ஏறட்டும். வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளித்த பிறகுதான் பையனைத் தூக்க வேண்டும். வேலைத் துணியைத் தனியாக ஊறவைத்துத் துவையுங்கள். துவைப்பதற்கு முன் உதறாதீர்கள்.

சாப்பாட்டில் சுண்ணாம்புச்சத்தும் இரும்புச்சத்தும் போதுமான அளவு இருந்தால் குடல் காரீயத்தைக் குறைவாக இழுக்கும். கேழ்வரகு, மோர், எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி எல்லாம் நல்லது. காலையில் வெறும் வயிற்றோடு பட்டறைக்குப் போகாதீர்கள். போலிக் அமிலம், நாளுக்கு 400 மைக்ரோகிராமாவது, முயற்சி தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போட்டால் ஒன்றையொன்று தடுக்கும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள்.

பாரம் பற்றி மாமியார் சொன்னதில் ஒரு பாதி நியாயம். போன கர்ப்பத்துக்கு அது காரணம் என்று சொல்ல முடியாவிட்டாலும், அடுத்த கர்ப்பத்தில் கதவு, நிலை எதையும் தூக்க வேண்டாம். எப்போதாவது தூக்க நேர்ந்தால், உடம்போடு ஒட்டி, இடுப்பு உயரத்தில், இருபது வாரம்வரை 16 கிலோ, அதற்குப் பிறகு 12 கிலோ என்பது மேல் எல்லை. குனிந்து தரையிலிருந்து எடுப்பது வேண்டாம். இன்னொன்று, பட்டறையில் கழிப்பறை சரியில்லை என்று பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது. சித்திரை வெயிலில் இது சிறுநீர்த் தொற்றுக்கு நேர் வழி, கர்ப்பத்தில் அந்தத் தொற்று குறைமாதப் பிரசவம்வரை கொண்டுபோகும். முதலாளியிடம் வேறு எதையும் கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கழிப்பறையைக் கேட்டு வாங்குங்கள்.

சட்டத்தில் உங்களுக்கு இருப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை, பட்டறைகளில், முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்த பெண்ணுக்குக் கருச்சிதைவு ஆனால் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பிரசவத்துக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். 1961 மகப்பேறு நலச் சட்டம் தந்த உரிமை இது; 2025 நவம்பர் முதல் அதற்குப் பதிலாக வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், பணம் இ.எஸ்.ஐ. வழியாக வரும். கர்ப்பிணிக்குக் கடினமான வேலை கொடுக்கக் கூடாது என்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் அது பிரசவத்தை ஒட்டிய வாரங்களுக்குத்தான். காரீயம் கெடுதல் செய்யும் முதல் வாரங்களுக்கு அதில் இடம் இல்லாதது பெரிய குறை என்றே நினைக்கிறேன். அதனால்தான் முதலாளியிடம் இப்போதே பேசச் சொல்கிறேன். ரத்தச் சோதனை முடிவையும் டாக்டரிடம் எழுதி வாங்கிய ஒரு கடிதத்தையும் காட்டி, 'மூன்று மாதத்துக்கும், அதன் பிறகு கர்ப்பம் முழுவதும் சுரண்டும் வேலை வேண்டாம், சம்பளம் குறையாமல் வேறு வேலை வேண்டும்' என்று கேளுங்கள். போகும்போது கணவரையும் கூட்டிப் போங்கள்.

நாள் தள்ளிப்போனால் பன்னிரண்டு வாரத்துக்குள் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்குங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும் அது வேண்டும். பதியும்போது 'பழைய பெயிண்ட் சுரண்டும் வேலை செய்தேன்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அட்டையில் 'தொழில்' என்ற இடத்தில் வெறுமனே 'கூலி' என்று எழுதிவிட்டால் பிரசவம் பார்க்கும் டாக்டருக்கு இது தெரியவே தெரியாது. பிள்ளை பிறந்தபின் பால் கொடுக்கத் தயங்க வேண்டாம். தாயின் ரத்தத்தில் 40-க்குக் கீழ் இருந்தால் தாய்ப்பால் கொடுக்கலாம்.

ஈயச் சொம்பு பற்றிக் கேட்டீர்கள். நம் பேச்சில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகத்துக்கு ஓடுகிறது. சொம்பு செய்வதும் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயம், அதனால் கெடுதல் இல்லை. பெயிண்டில் இருப்பது காரீயம், வேறு உலோகம். சிக்கல் எங்கே என்றால், காரீயம் விலை குறைவு, அதனால் வெள்ளீயத்தில் அதைக் கலப்பவர்கள் இருக்கிறார்கள். கலந்திருந்தால் புளியும் தக்காளியும் கொதிக்கும்போது அது ரசத்தில் இறங்கும். கையில் பார்த்தோ காகிதத்தில் கீறியோ சிறு கலப்படத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே மூன்று மாதச் சோதனை முடியும்வரை ரசத்தை எவர்சில்வரிலோ மண்சட்டியிலோ வையுங்கள். தூசியை எல்லாம் நிறுத்திய பிறகும் உங்கள் எண் இறங்கவில்லை என்றால், அடுத்து டாக்டரிடம் பேச வேண்டியது அந்தச் சொம்பைப் பற்றியும், காரீயம் கலந்திருக்கக்கூடிய, உதிரியாக வாங்கும் மஞ்சள் தூளைப் பற்றியும்தான்.